நோயாளி இருக்கும் இடத்துக்கு: ஹாஃப்டன் மாலரின் பணி வாழ்க்கை

ஹாஃப்டன் மாலர் 1973 முதல் 1988 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர். டென்மார்க் நாட்டு மருத்துவர். காசநோய்க் கட்டுப்பாட்டில் தேர்ந்தவர். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் முதன்முதலாக வெளியானது. ஆரம்ப சுகாதாரச் சேவை உலக நாடுகளின் பொதுக் கொள்கையாக ஏற்கப்பட்டது. பலன் தரும் மருந்து இருந்தும் அது தேவைப்படுபவரிடம் போய்ச் சேராதது ஏன் என்ற கேள்வி அவருடைய பணி முழுவதிலும் தொடர்ந்து வந்தது. அந்தக் கேள்வி அவருக்குள் கூர்மைப்பட்டது இந்தியாவில் கழித்த ஆண்டுகளில்.

போதகர் வீட்டுப் பிள்ளை

மாலர் 1923 ஏப்ரல் 21 அன்று டென்மார்க்கின் விவில்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் சபையின் போதகர். பின்னாளில் மாலரின் மேடைப் பேச்சைக் கேட்டவர்கள் அதில் ஒரு போதகரின் குரலை உணர்ந்ததாகக் கூறியதுண்டு. நலவாழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் நீதியைப் பற்றியும் பேசினார்.

1948-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. போரில் நலிந்த நாடுகளில் காசநோய் பெருகியிருந்தது. டென்மார்க் உள்ளிட்ட ஸ்காண்டிநேவிய நாடுகளின் தொண்டு அமைப்புகள் பி.சி.ஜி. தடுப்பூசியை நாடு நாடாகக் கொண்டு சென்றன. இளம் மருத்துவரான மாலர் 1950-ல் தென் அமெரிக்காவின் எக்வடோர் நாட்டுக்குப் போய், செஞ்சிலுவைச் சங்கத்தின் காசநோய் ஒழிப்புப் பணியை முன்னின்று நடத்தினார். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். 1948-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு அப்போது வயது மூன்றுதான்.

சானட்டோரியமும் வீடும்

நிறுவனம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1961 வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் இந்தியாவின் காசநோய்த் திட்டத்தோடு இணைந்த மூத்த அலுவலராகப் பணியாற்றினார். நாடு முழுவதும் பி.சி.ஜி. தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1955-ல் ராஜாஜி சென்னையிலிருந்து இந்தத் தடுப்பூசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். மக்களின் நம்பிக்கை இல்லாமல் எந்தச் சுகாதாரத் திட்டமும் நகராது என்பதை அந்த விவாதம் காட்டியது.

காசநோய் பற்றிய அன்றைய மருத்துவ எண்ணம் சானட்டோரியத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. ஊருக்கு வெளியே மரநிழலில் கட்டிய மருத்துவமனை, சுத்தமான காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கையில் ஓய்வு ஆகியவையே சிகிச்சை. சென்னையின் மின்சார ரயில் தடத்தில் உள்ள தாம்பரம் சானட்டோரியம் நிலையம் அந்தக் காலத்தை இன்றும் பெயரில் தாங்கி நிற்கிறது. மருந்துகள் வராதவரை இதைவிட மேலான வழி இருக்கவில்லை. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும் வந்தன. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. அது விலை மலிந்த மாத்திரை. மருந்து வந்த பிறகும் படுக்கை தேவையா என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

இந்தியாவுக்கு அந்தப் பதில் உடனடியாகத் தேவைப்பட்டது. 1955 முதல் 1958 வரை நடத்தப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரங்களில் இருக்கும் அளவுக்கே கிராமங்களிலும் இருப்பதைக் கண்டது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தினருக்கு நுரையீரலில் நோயின் அடையாளம் இருந்தது. அத்தனை பேருக்கும் சானட்டோரியம் கட்ட எந்த அரசாலும் முடியாது.

பதில் சென்னையிலிருந்து வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குப் பொறுப்பேற்றார். 200-க்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானட்டோரியத்துக்குப் போனார்கள். மற்றப் பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவுக்கும் அதே மருந்துகள், அதே ஓராண்டுக் காலம்.

வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பும் குறைந்த உணவுமே கிடைத்தன; பலர் ஓய்வும் எடுக்கவில்லை. ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் சளியில் வெளிவரும் கிருமிகள் வேகமாகக் குறைந்துவிடுகின்றன. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இந்த முடிவு வெளியானபின், சானட்டோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது. வீட்டில் இருப்பவர் மருந்தை இடையில் நிறுத்திவிடாமல் பார்ப்பது எப்படி என்ற அடுத்த கேள்வியையும் சென்னை மையமே எடுத்துக்கொண்டது. சுகாதாரப் பணியாளர் கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறை அங்கே உருவானது.

இருமலோடு வந்தவர்கள்

1959-ல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் உருவானது. அதன் தொடக்க காலப் பணிகளோடு மாலருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. அங்கே மருத்துவர்களோடு சமூகவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் சேர்ந்து உழைத்தனர். ஒரு நாட்டின் காசநோய்த் திட்டத்தை, நோயாளியின் முதல் இருமலிலிருந்து கடைசி மாத்திரை வரை முழுமையாக ஆராய்வது அவர்களின் நோக்கம்.

அந்த நிறுவனத்தின் தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963-ல் வெளியானது. கிராமத்தாருக்கு நோயைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதே அதுவரை பலரின் முடிவு. ஆய்வு கண்டது நேர்மாறானது. காசநோய் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடலில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்திருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதாவது ஒரு மருத்துவ நிலையத்தின் படியேறியிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்துதான். நோயாளி வந்துவிட்டார், அவரை அடையாளம் காண அமைப்புக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஆய்வு அச்சில் வருவதற்கு முன்பே, 1962-ல் தொடங்கிய மாவட்டக் காசநோய்த் திட்டம் இத்தகைய ஆய்வுகளின் மேல் எழுந்தது. காசநோய்க்கென்று தனி மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டே போவதற்குப் பதிலாக, ஊரில் இருக்கும் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளியை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறிவது, மாத்திரைகளை அங்கேயே கொடுப்பது என்பது அதன் அடிப்படை. சளிப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே இயந்திரமோ தடையில்லா மின்சாரமோ தேவையில்லை. மேலும், நோயைப் பிறருக்குப் பரப்பக்கூடியவர் யார் என்பதை அதுதான் நேரடியாகக் காட்டுகிறது. எளிய கருவியே இங்கு பொருத்தமான கருவியாகவும் இருந்தது. ‘பொருத்தமான தொழில்நுட்பம்’ என்ற சொல் பின்னாளில் மாலரின் பேச்சில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த அனுபவமே வேர்.

ஜெனிவாவில்

1962-ல் மாலர் ஜெனிவா தலைமையகத்தின் காசநோய்ப் பிரிவுக்குத் தலைவரானார். 1969-ல் திட்டங்களை முறையாகப் பகுத்தாராயும் பிரிவின் இயக்குநர். 1970-ல் துணைத் தலைமை இயக்குநர்களில் ஒருவர். பிரேசிலைச் சேர்ந்த மார்கோலினோ கண்டாவ் இருபது ஆண்டுகள் வகித்த தலைமைப் பதவி 1973-ல் ஐம்பது வயது மாலருக்கு வந்தது.

அப்போது நிறுவனத்தின் பெரும் முயற்சிகள் ஒற்றை நோயைக் குறிவைத்தவை. 1955-ல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் டி.டி.டி. என்ற பூச்சிமருந்துத் தெளிப்பை நம்பி நடந்தது. கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றன. தெளிப்பு முடிந்தபின் நோய் மீளாமல் கண்காணிக்கக் கிராம அளவில் சுகாதார அமைப்பு இல்லை. 1969-ல் உலகளாவிய ஒழிப்பு என்ற இலக்கே திருத்தி எழுதப்பட்டது.

இன்னொரு பக்கம், சில நாடுகளும் சில ஊர்களும் வேறு வழியில் நடந்துகொண்டிருந்தன. சீனத்தில் கிராமத்து இளைஞர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று ‘வெறுங்கால் மருத்துவர்’களாகத் தம் ஊரிலேயே பணி செய்தனர். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதியர், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களையும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். இத்தகைய முயற்சிகளைத் தொகுத்து ‘மக்களால் நலவாழ்வு’ என்ற பொருள்படும் நூலை உலக சுகாதார நிறுவனம் 1975-ல் வெளியிட்டது. தும்கூரில் மாலரின் சகாக்கள் கண்டதையே இந்த ஊர்களும் சொல்லின: சேவை மக்களின் வாசலில் இருந்தால் மக்கள் அதைப் பயன்படுத்துவார்கள்.

அல்மா-ஆட்டா

1977-ல், நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஓர் இலக்கை ஏற்றது. 2000-ஆம் ஆண்டுக்குள் உலகின் எல்லா மக்களும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பயனுள்ள வாழ்வு வாழத் தேவையான நலத்தைப் பெற வேண்டும் என்பது அது. ‘2000-க்குள் அனைவருக்கும் நல்வாழ்வு’ என்று சுருக்கமாக அது அறியப்பட்டது. இதன் பொருள் நோயே இல்லாத உலகம் என்பதன்று என மாலர் தொடர்ந்து விளக்கினார். அடிப்படை மருத்துவமும் நீரும் உணவும் எட்டாத மனிதர் இருக்கக் கூடாது என்பதே அவர் கருதியது.

இலக்கை அடையும் வழியைப் பேச ஒரு மாநாடு வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் வற்புறுத்தியது. அதன் துணைச் சுகாதார அமைச்சர் டிமித்ரி வெனடிக்டோவ் இதில் முனைப்பாக இருந்தார். மாலர் முதலில் தயங்கினார். மருத்துவர்களை மையமாக வைத்த சோவியத் அமைப்பு, மாநாட்டின் நோக்கத்துக்குச் சரியான முன்மாதிரிதானா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. இறுதியில் 1978 செப்டம்பர் 6 முதல் 12 வரை, கஜகஸ்தானின் அன்றைய தலைநகரான அல்மா-ஆட்டாவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து மாநாட்டை நடத்தின. 134 அரசுகளும் 67 சர்வதேச அமைப்புகளும் பங்கேற்றன. வெறுங்கால் மருத்துவர்களின் நாடான சீனம், சோவியத்தோடு இருந்த பகையால் வரவில்லை.

மாநாட்டின் பிரகடனம் நலவாழ்வை அடிப்படை மனித உரிமை என்றது. நாடுகளுக்கிடையேயும் ஒரே நாட்டுக்குள்ளும் நிலவும் நல ஏற்றத்தாழ்வை ஏற்க முடியாது என்றது. ஆரம்ப சுகாதாரச் சேவையில் குறைந்தது எட்டுக் கூறுகள் இருக்க வேண்டும் என வரையறுத்தது: நலக்கல்வி, போதிய உணவும் ஊட்டமும், பாதுகாப்பான குடிநீரும் துப்புரவும், குடும்பநலம் உள்ளிட்ட தாய்சேய் நலம், தடுப்பூசி, அந்தந்தப் பகுதியில் நிலவும் நோய்களின் கட்டுப்பாடு, பொதுவான நோய்களுக்கும் காயங்களுக்கும் சிகிச்சை, அத்தியாவசிய மருந்துகள். இவற்றில் பல மருத்துவமனையின் சுவருக்கு வெளியே இருப்பவை. உணவு, வேளாண்மை, கல்வி, குடிநீர்த் துறைகளும் நலவாழ்வுக்குப் பொறுப்பானவை என்று அரசுகள் ஒன்றுகூடி ஒப்புக்கொண்டன. 1983-ல் இந்தியா வெளியிட்ட முதல் தேசிய நலக் கொள்கை இந்த இலக்கை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

இருநூறு மருந்துகள்

பிரகடனத்தின் எட்டாவது கூறுக்கு மாநாட்டுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1970-களில் பல ஏழை நாடுகளின் சந்தையில் ஆயிரக்கணக்கான வணிகப் பெயர்களில் மருந்துகள் குவிந்திருந்தன. ஒரே மருந்து பத்துப் பெயரில், பத்து விலையில் விற்றது. சத்து டானிக்குக்குச் செலவான பணம் பெனிசிலினுக்கு மிஞ்சவில்லை.

இலங்கை இதற்கு ஒரு வழியைக் காட்டியிருந்தது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்துகளைத் தேர்ந்து, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில், அரசே மொத்தமாக வாங்கும் முறையை வலியுறுத்தினார். 1971-ல் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்துக்கு அவரே முதல் தலைவர். 

தேவையானவற்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் இதே எண்ணத்தில், 1977-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை ஏறக்குறைய 200 மருந்துகளே. ஒரு மருந்து இடம்பெற வேண்டுமானால் அது பெரும்பான்மை மக்களுக்குத் தேவைப்பட வேண்டும். பலனும் பாதுகாப்பும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கும் விலைக்கு ஈடான பயன் தர வேண்டும். மருந்து நிறுவனங்கள் பட்டியலை எதிர்த்தன. ஆனால் வாங்குபவரின் கையில் அது வலிமையான கருவியானது. பட்டியல் சிறிதாக இருந்தால் ஒவ்வொரு மருந்தையும் பெருமளவில் வாங்கலாம். பெருமளவில் வாங்கினால் விலை இறங்கும். தரத்தைச் சோதிப்பதும் இருப்பைக் கண்காணிப்பதும் எளிதாகும். 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதே கணக்கில்தான் இயங்குகிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளைப் பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை அனுப்புகிறது.

பால்மாவும் ஒரே ஓர் எதிர்ப்பு வாக்கும்

ஏழை நாடுகளில் குழந்தைகளுக்கான பால்மா பரவியபோது ஒரு புதிய ஆபத்தும் பரவியது. மாவைக் கரைக்கச் சுத்தமான நீர் இல்லை. புட்டியைக் கொதிக்க வைக்க விறகு போதவில்லை. டப்பாவின் விலை அதிகம் என்பதால் தாய்மார் மாவைக் குறைத்து நீரைக் கூட்டினார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் ஒன்றாக வந்தன. சில நாள் புட்டிப்பால் கொடுத்தால் தாய்ப்பால் சுரப்பதும் குறைந்துவிடுகிறது. பிறகு புட்டியை விட முடியாது.

1979-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அரசுகளையும் நிறுவனங்களையும் தொண்டு அமைப்புகளையும் ஒரே மேசையில் அமர்த்தின. 1981 மே மாதம் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனையை நெறிப்படுத்தும் சர்வதேச விதித்தொகுப்பு பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 118 நாடுகள். எதிராக ஒரே நாடு, அமெரிக்கா. மூன்று நாடுகள் வாக்களிக்கவில்லை. விளம்பரம், இலவச மாதிரி, சுகாதாரப் பணியாளருக்குப் பரிசு ஆகியவற்றை விதித்தொகுப்பு தடுத்தது. அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக ஆக்கிக்கொள்ள வேண்டும். இந்தியா 1992-ல் அதற்கான சட்டத்தை இயற்றியது.

நிறுவனத்தின் பட்ஜெட்டுக்கு அதிகம் தந்த நாட்டையும் பெரிய தொழில்துறைகளையும் எதிர்கொண்டதற்கு விலை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனத்தின் வழக்கமான பட்ஜெட் உயராமல் நிறுத்தப்பட்டது. 1980-களின் நடுவில் அமெரிக்கா தன் பங்குத் தொகையை நிறுத்தி வைத்தது; அதன் காரணங்களில் அத்தியாவசிய மருந்துத் திட்டத்தின் மீதிருந்த அதிருப்தியும் ஒன்று.

இரண்டு வழிகள்

1980 மே 8 அன்று, பெரியம்மை ஒழிந்துவிட்டது என உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. 1974-ல் இந்தியாவில் மட்டும் 1,88,000 பேரைத் தாக்கிய நோய் அது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். டொனால்ட் ஹெண்டர்சன் வழிநடத்திய அணி வீடு வீடாக நோயைத் தேடி, கண்ட இடத்தைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டு, பரவலின் சங்கிலியை அறுத்தது. தன் தலைமையில் கிட்டிய இந்த வெற்றியை மாலர் பெரிதும் மதித்தார். ஆனால் அதை எல்லா நோய்க்கும் வாய்பாடாகக் கொள்ள அவர் உடன்படவில்லை. பெரியம்மைக்கு ஒரே முறை போட்டால் போதுமான தடுப்பூசி இருந்தது. நோய் தோலில் வெளிப்படையாகத் தெரிந்தது. மனிதரைத் தவிர அதற்கு வேறு உறைவிடம் இல்லை. பிற நோய்கள் இவ்வளவு வசதியாக அமைவதில்லை.

அல்மா-ஆட்டாவுக்கு அறிவுலகத்திலிருந்தும் மறுப்பு வந்தது. 1979-ல் ஜூலியா வால்ஷ், கென்னத் வாரன் என்ற இருவர் எழுதிய ஆய்வுரை, எல்லாருக்கும் எல்லாம் என்பது உயர்ந்த நோக்கமே என்றாலும் பணம் போதாது என்றது. அதிக உயிர்களைக் குறைந்த செலவில் காக்கும் சில நடவடிக்கைகளை மட்டும் தேர்ந்து செய்யலாம் என்றது. ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில் யுனிசெஃப் இந்த வழியை எடுத்தது. குழந்தையின் எடையைத் தொடர்ந்து கணக்கிடுதல், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கும் அதன் திட்டமாயின.

இரண்டு பக்கத்திலும் வலுவான நியாயம் இருந்தது. 1974-ல் வளரும் நாடுகளின் குழந்தைகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானோரே அடிப்படைத் தடுப்பூசிகளைப் பெற்றிருந்தனர். 1990-ல் உலகக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரை அவை எட்டின. தேர்ந்தெடுத்த வழி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது உண்மை. மாலரின் கவலை வேறு இடத்தில் இருந்தது. தடுப்பூசி போட்ட குழந்தை அசுத்த நீரைக் குடித்தே வளர்கிறது. அதன் தாய்க்குப் பேறுகாலத்தில் ஆபத்து வந்தால் போக இடமில்லை. ஒவ்வொரு நோய்க்கும் தனிப் படை, தனிப் பணம் என்று போனால், எல்லாவற்றையும் தாங்க வேண்டிய கிராம நிலையம் பலவீனமாகவே நிற்கும். 1985-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை வெளியிட்ட ஓர் ஆய்வுத் தொகுப்பு அவர் பக்கத்துக்குச் சான்று தந்தது. சீனம், கோஸ்டா ரிகா, இலங்கை, கேரளம் ஆகியவை குறைந்த வருமானத்திலும் நீண்ட ஆயுளை எட்டியிருந்தன. பெண்கல்வி, உணவு, எட்டும் தொலைவில் மருத்துவம், நலத்தில் அரசின் அக்கறை ஆகியவை அங்கே ஒன்றுசேர்ந்து இயங்கின.

எய்ட்ஸும் விடைபெறலும்

1981-ல் எய்ட்ஸ் கண்டறியப்பட்டபோது மாலர் அதன் அளவைக் குறைத்தே மதிப்பிட்டார். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கோடிக்கணக்கானோரை வாட்டும் நாடுகளின் கவனத்தை இது திருப்பிவிடக் கூடாது என எண்ணினார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தகவல்கள் அந்த எண்ணத்தை மாற்றின. 1986-ல் தன் மதிப்பீடு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1987-ல் ஜோனதன் மானைத் தலைவராகக் கொண்டு எய்ட்ஸுக்கான சிறப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நோயுற்றவரை ஒதுக்கினால் அவர் மறைந்துகொள்வார், நோய் பரவும். ஆகவே அவரது உரிமையைக் காப்பதே நோயைத் தடுக்கும் வழி என்று அந்தத் திட்டம் வலியுறுத்தியது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஒரு நோயைப் பற்றி முதன்முறையாக விவாதித்தபோது மாலரும் மானும் அங்கே பேசினர்.

மூன்றாவது பதவிக்காலம் முடிந்து 1988-ல் மாலர் விலகினார். ஜப்பானின் ஹிரோஷி நகஜிமா பொறுப்பேற்றார். 1989 முதல் 1995 வரை மாலர் சர்வதேசத் திட்டமிட்ட பெற்றோர்மைக் கூட்டமைப்பின் பொதுச்செயலராக இருந்து, பெண்களின் மகப்பேற்று நலத்துக்காக உழைத்தார்.

2000-ஆம் ஆண்டு வந்தது. அனைவருக்கும் நல்வாழ்வு வரவில்லை. 2008-ல், 85 வயதில், மாலர் உலக சுகாதாரப் பேரவையில் மீண்டும் பேசினார். அல்மா-ஆட்டாவின் நீதி உணர்வை இழந்துவிட வேண்டாம் என்று அங்கிருந்த அமைச்சர்களைக் கேட்டுக்கொண்டார். 2016 டிசம்பர் 14 அன்று, 93-ஆவது வயதில் காலமானார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2018 அக்டோபரில், உலக நாடுகள் மீண்டும் கஜகஸ்தானில், அஸ்தானா நகரில் கூடி, ஆரம்ப சுகாதாரச் சேவையே அனைவருக்கும் மருத்துவம் கிடைப்பதற்கு அடித்தளம் எனப் புதிதாகப் பிரகடனம் செய்தன. அத்தியாவசிய மருந்துப் பட்டியலை இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகள் தத்தம் தேவைக்கேற்ப வகுத்துப் பின்பற்றுகின்றன. காசநோயாளி வீட்டிலிருந்தபடியே குணமடைவது எந்த நாட்டிலும் இன்று வியப்புக்குரிய செய்தியாக இல்லை.